தொழிலை மறைக்காத மனிதர்

(எமது வாலிபர் சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



உழைத்து வாழ்ந்த பெரியார் ஒருவரைப் பற்றிப் பேசவேண்டும் என்று காரியதரிசி அவர்கள் எம்மிடம் கேட்டுக்கொண்டார்கள். யாரைப் பற்றிப் பேசுவது என்பதை எமது விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். நாம் தெரிந்துகொண்ட பெயர் டொமினிக் ஜீவா. இப்பெயரைக் கேட்டதும், “இது இந்து வாலிபர் சங்கமல்லவா? டொமினிக் என்பவருக்கு இங்கே என்ன வேலை?” என்று சிலர் நினைக்கக்கூடும். அவர் கத்தோலிக்கக் குடும்பத்திற் பிறந்தவர். பொதுவுடைமைக் கொள்கையைப் பற்றி நின்றவர். கோயிற் கும்பாபிஷேக மலர்களில் இடம்பெறும் பெயரன்று அவருடையது. இருந்தும் அவரை நினைவுகூர இந்த மேடையே மிகப் பொருத்தமானது என்பது எமது துணிபு. அதற்குரிய காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

நாம் ஆண்டுதோறும் நாயன்மார் குருபூசை கொண்டாடுகிறோம். அந்த அறுபத்து மூவரில் திருநீலகண்டர் குயவர். திருக்குறிப்புத் தொண்டர் துணி வெளுத்தவர். அதிபத்தர் நாகையிலே வலை வீசியவர். கலியர் செக்காட்டியவர். நேசர் நெய்தவர். அவர்தம் சரிதத்தைப் பாடிய சேக்கிழார் பெருமான் ஒருவருடைய தொழிலையும் மறைத்துப் பாடவில்லை. மட்பாண்டம் வனைந்தவரை வணிகர் என்றோ, துணி வெளுத்தவரைத் துணி வியாபாரி என்றோ மாற்றிச் சொல்லவில்லை. தொழிலைச் சொல்லியே தொண்டைச் சொன்னார். அதுவே எமது சமயம் எமக்கு வைத்துச் சென்ற வழக்கம். அந்த வழக்கத்தை எம் காலத்திலே, எமக்கு அண்மையிலே, தம் வாழ்க்கையால் நடத்திக் காட்டியவர் ஜீவா. அவர் தலைமயிர் வெட்டும் தொழிலாளி. அதை அவர் ஒருநாளும் மறைத்தாரில்லை.

1927ஆம் ஆண்டு ஜூன் மாதம் 27ஆம் திகதி யாழ்ப்பாணத்திலே அவர் பிறந்தார். ஐந்தாம் வகுப்புவரையே பாடசாலைப் படிப்பு. படிப்பு வராமல் நின்றவரல்லர் அவர். வகுப்பிலே ஓர் ஆசிரியர் அவருடைய சாதித் தொழிலைச் சுட்டி இழிவாகப் பேசினார். அந்தச் சொல் சுட்டது. சிறுவன் புத்தகத்தை மூடிக்கொண்டு வெளியே வந்தான். பிறகு அந்தப் படியை மிதிக்கவில்லை. இதைத் தம் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார்.

அந்தப் பாடசாலை கிறிஸ்தவர்களுடையது. நாமும் மிஷன் பாடசாலையொன்றிற் படித்தவர்களே. காலையிலே ஜெபம் கேட்டு, மாலையிலே வீட்டில் தேவாரம் ஓதி வளர்ந்தோம். அங்கே பெற்ற கல்விக்கு நன்றியுடையோம். எல்லா மனிதரும் ஒரே பிதாவின் பிள்ளைகள் என்று போதித்த இடத்திலும் சாதி போய் வாங்கிலே உட்கார்ந்திருந்தது என்பதை ஜீவாவின் வாழ்க்கை சொல்கிறது. அதைக் கேட்டு இந்துக்களாகிய நாம் மகிழ்வதற்கு ஒன்றுமில்லை. அந்தச் சாதியை அவர்கள் எங்கிருந்து பெற்றார்கள்? எம் வீட்டிலிருந்துதானே பெற்றார்கள்! கோயில், தேநீர்க்கடை, கிணறு ஆகியவற்றில் ஒருவரைத் தடுப்பது குற்றம் என்று இந்நாட்டிலே 1957இல் ஒரு சட்டமே இயற்றவேண்டி வந்தது. சட்டம் வந்து பதினோராண்டுகளின் பின்னரும், 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே உள்ளே போகவிடுங்கள் என்று மனிதர் போராடவேண்டியிருந்தது. முருகன் சந்நிதியில் நடந்த அந்த நிகழ்ச்சியை மறந்துவிட்டு மற்றவர் வாங்கைக் குறை சொல்ல எமக்கு உரிமையில்லை.

பாடசாலையை விட்ட சிறுவன் குலத்தொழிலுக்கு வந்தான். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியிலே இருந்த ஜோசப் சலூன் அவருடைய தொழிற்கூடம். அத்தொழில் எப்படிப்பட்டது என்பதை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. காலையிலிருந்து இரவுவரை நின்ற நிலை. சவரக்கத்தியைத் தோல்வாரிலே தீட்டித் தீட்டிப் பதம் பார்க்கவேண்டும். முன்பின் அறியாத மனிதனின் கழுத்திலே கத்தியை வைக்கும்போது கை நடுங்கக்கூடாது. ஒருவர் எழுந்ததும் அடுத்தவர். பணக்காரர், ஏழை, நல்ல குணத்தர், சிடுமூஞ்சி, எல்லாருக்கும் ஒரே கவனம்.

அந்தக் கடையிலே பத்திரிகைகள் கிடந்தன. வருவோர் வாசித்தார்கள், விவாதித்தார்கள். ஆசிரியர்களும் அரசியல்வாதிகளும் எழுத்தாளர்களும் அங்கே வந்து கதைத்தார்கள். கை வேலை செய்ய, காது பாடம் கேட்டது. ஓய்ந்த நேரத்திலே கண் வாசித்தது. அந்தச் சலூனே தாம் படித்த சர்வகலாசாலை என்று பிற்காலத்தில் அவர் பெருமையோடு சொல்லிக்கொண்டார். உண்மையான சர்வகலாசாலையிலே படிக்கும் எமக்கு அதைக் கேட்கும்போது வெட்கம் வருகிறது. விரிவுரை மண்டபத்திலே மின்விசிறியின்கீழ் இருந்தும் நித்திரை கொள்ளும் மாணவர்கள் நாங்கள்.

தமிழ்நாட்டுப் பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தம் யாழ்ப்பாணத்துக்கு வந்திருந்த காலத்தில் அவரால் ஈர்க்கப்பட்டு, அவர்மீது கொண்ட மதிப்பினால் ஜீவா என்பதைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார் எம் டொமினிக். முற்போக்கு எழுத்தாளர் சங்கத்திலே சேர்ந்தார். கே. டானியல் முதலிய தோழர்களோடு சேர்ந்து, அதுவரை தமிழ்க் கதைகளிலே இடம் பெறாத மக்களைப் பற்றி எழுதத் தொடங்கினார். தமிழகத்திலே வெளிவந்த ‘சரஸ்வதி’ அவருடைய கதைகளை வெளியிட்டது. 1960இல் ‘தண்ணீரும் கண்ணீரும்’ என்ற முதற் கதைத்தொகுதி வந்தது. இலங்கைச் சாகித்திய மண்டலத்தின் பரிசு தமிழ்ப் படைப்பிலக்கியத்துக்கு முதன்முதலாகக் கிடைத்தது அந்த நூலுக்கேயாகும். ஐந்தாம் வகுப்போடு விரட்டப்பட்ட ஒருவருடைய நூல் அது! பின்னர் ‘பாதுகை’, ‘சாலையின் திருப்பம்’, ‘வாழ்வின் தரிசனங்கள்’ என்று தொடர்ந்து எழுதினார்.

பரிசு பெற்ற கையோடு கத்தரிக்கோலை ஒளித்து வைத்துவிட்டுப் புலவர் வரிசையிலே போய் நின்றாரா? இல்லை. மறுநாளும் கடைக்குப் போனார். 1966 ஓகஸ்ட் மாதத்தில் ‘மல்லிகை’ என்ற மாத சஞ்சிகையைத் தொடங்கினார். ஆரம்ப காலத்தில் மல்லிகையின் காரியாலயமும் அந்தச் சலூனே. கட்டுரை கொண்டுவந்த பேராசிரியரும் முடிவெட்ட வந்த தொழிலாளியும் ஒரே வாங்கிலே உட்கார்ந்திருந்தார்கள். சாதியை ஒழிப்பது பற்றி எத்தனையோ கூட்டங்கள் நடந்திருக்கின்றன. அந்த வாங்கு பேசாமலே ஒரு கூட்டம் நடத்தியது.

இலக்கிய சஞ்சிகை நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்பதைச் சிறிது சொல்லவேண்டும். 1946இல் யாழ்ப்பாணத்திலே தொடங்கிய ‘மறுமலர்ச்சி’ ஈராண்டளவிலே நின்றுபோயிற்று. தமிழகத்தில் 1933இலே எழுந்த ‘மணிக்கொடி’ அந்தப் பத்தாண்டு முடியுமுன் மறைந்தது. சி. சு. செல்லப்பா 1959இல் ஆரம்பித்த ‘எழுத்து’ 1970வரை நின்றது. இவையெல்லாம் படித்தவர்கள் நடத்தியவை. ஐந்தாம் வகுப்புப் படித்தவர் நடத்திய மல்லிகையோ 2012வரை, நாற்பத்தாறு ஆண்டுகள், நானூறு இதழ்களுக்கு மேல் பூத்தது. மலையகத்து எழுத்தாளருக்கும் முஸ்லிம் எழுத்தாளருக்கும் புதிதாய் எழுதவந்த பெண்களுக்கும் இளைஞருக்கும் அது இடம் கொடுத்தது. சிங்களக் கதைகளைத் தமிழிலே தந்தது. அட்டையிலே நடிகையின் படம் போட்டால் விற்கும் என்பது ஜீவாவுக்குத் தெரியாததன்று. அவர் எழுத்தாளரின் படத்தையும் கலைஞரின் படத்தையும் போட்டார்.

அவை எப்படிப்பட்ட ஆண்டுகள் என்பதை இங்குள்ள பெரியோர்கள் எம்மைவிட நன்கறிவார்கள். 1981இல் யாழ்ப்பாண நூல்நிலையம் எரிந்தது. 1983இல் நாடே எரிந்தது. அதன்பின் போர். மின்சாரமில்லை, தாளில்லை, மையில்லை, தபாலில்லை. இத்தனைக்கும் நடுவே ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாய்க் கையாற் கோத்து இதழ் அச்சிடப்பட்டது. 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணம் முழுவதும் பெயர்ந்து வெளியேறிற்று. அதன் பிறகு முதுமையைத் தொடும் வயதிலே ஜீவா கொழும்புக்கு வந்தார். வந்தவர் ஓய்வெடுக்கவில்லை. கொழும்பு 13, ஸ்ரீ கதிரேசன் வீதியிலே மல்லிகையை மீண்டும் பதியம் வைத்தார். ‘மல்லிகைப் பந்தல்’ என்ற பெயரால் பிறருடைய நூல்களையும் வெளியிட்டார்.

எமது கிராண்ட்பாஸுக்கும் அந்த வீதிக்கும் நடைதூரம்தான். வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாய், பையிலே இதழ்களைச் சுமந்துகொண்டு கொட்டாஞ்சேனைப் பக்கத்திலும் புறக்கோட்டையிலும் நடந்து திரிந்த அந்த முதியவரை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். சிலர் வாங்கியிருப்பீர்கள். சிலர் அடுத்த மாதம் பார்ப்போம் என்று சொல்லியிருப்பீர்கள். ஆசிரியரும் அவரே, முகவரும் அவரே, சுமப்பவரும் அவரே. தாம் நடத்தும் ஏட்டைத் தாமே தெருவிலே விற்பது குறைவு என்று அவர் எண்ணவில்லை. உழைத்துச் செய்த பொருளை விலை சொல்லி விற்பது தொழிலாளியின் வழக்கம். நாற்காலியின் பக்கத்திலே நின்று கற்ற வழக்கம் அது. நாம் அவரை நேரிற் கண்டு பேசும் பேறு பெற்றோமில்லை. மல்லிகை நின்றபோது நாம் சிறுபிள்ளைகள்.

அவர் குடும்பஸ்தர் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். ஊருக்குழைத்தவர்களைப் போற்றும்போது அவர்களுடைய வீட்டாரை மறந்துவிடுகிறோம். மனைவி மக்களோடு வாழும் ஒரு தொழிலாளி மாதந்தோறும் தாளுக்கும் மைக்கும் அச்சுக்கும் காசு தேடுவதென்றால், அதன் பாரம் அவருடைய தோளில் மட்டும் நிற்குமா? அடுப்படியிலும் அது தெரியும். அரிசிப் பானையிலும் அது தெரியும். பொறுத்துக்கொண்ட வீட்டார் இல்லாமல் நாற்பத்தாறு ஆண்டுகள் ஓர் ஏடு நடந்திராது. ஆகவே ஜீவாவுக்குச் சொல்லும் நன்றியிலே சரிபாதி அவருடைய இல்லத்துக்கும் உரியது.

பிற்காலத்திலே கௌரவங்கள் வந்தன. பாராளுமன்றத்திலே மல்லிகையைப் பாராட்டிப் பேசினார்கள். கனடாவிலுள்ள தமிழ் இலக்கியத் தோட்டம் இயல் விருது வழங்கிற்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கௌரவ முதுகலைமாணிப் பட்டம் வழங்க முன்வந்தபோது அவர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. பட்டத்துக்காக இரவு பகலாய்ப் படிக்கும் எமக்கு இது முதலில் விளங்கவில்லை. பின்பு யோசித்துப் பார்த்தோம். தம்முடைய உழைப்பின் பெறுமதி இவ்வளவு என்று அவருக்கே தெரிந்திருந்தது. பிறர் அளந்து கொடுப்பதை அப்படியே வாங்கிக்கொள்ளும் அவசியம் அவருக்கில்லை. தொழிலைக் கண்டு வெட்கப்படாதவன் பட்டத்தைக் கண்டு மயங்கவும் மாட்டான்.

சபையோர்களே, இதுவரை அவரைப் பற்றிப் பேசினோம். இனி எம்மைப் பற்றிச் சிறிது சொல்லாவிட்டால் இப்பேச்சு நேர்மையாகாது.

எமது தந்தையார் தச்சுத் தொழிலாளி. ஆமர் வீதிப் பக்கத்திலே பட்டறை வேலை. நாம் படித்த மேசை அவர் கையால் செய்தது. பாடசாலையிலே எட்டாம் வகுப்பில் ஒரு படிவம் தந்தார்கள். பெற்றார் தொழில் என்ற இடத்திலே நாம் ‘வியாபாரம்’ என்று எழுதினோம். எவரும் எம்மை அப்படி எழுதச் சொல்லவில்லை. பக்கத்திலிருந்த பிள்ளைகள் முகாமையாளர், கணக்காளர், வைத்தியர் என்று எழுதினார்கள். எம் கை தானாகவே வியாபாரம் என்று எழுதிற்று. அந்தப் படிவத்திலே தந்தையார் கையெழுத்திட வேண்டும். இரவு வேலை முடிந்து வந்து, கை கழுவி, விளக்கடியிலே வைத்து முழுவதையும் வாசித்தார். அந்த இடத்திலே சிறிது நேரம் நின்றார். பிறகு கையெழுத்திட்டார். “தம்பி, எழுத்து வடிவாயிருக்கு” என்று மட்டும் சொன்னார்.

அவர் ஏசியிருந்தால் நாம் மறந்திருப்போம். ஏசாதபடியால் இன்றும் மறக்க முடியவில்லை. ஜீவாவின் சுயசரிதையைச் சர்வகலாசாலை நூல்நிலையத்திலே வாசித்த அன்று, எம் கண்முன்னே வந்தது அந்தப் படிவமேயாகும். ஆசிரியர் ஒருவர் தொழிலைச் சொல்லி இழிவு செய்தபோது, ஜீவா பாடசாலையை விட்டார், தொழிலை மறுக்கவில்லை. எவரும் இழிவு செய்யாதபோதே நாம் தந்தையின் தொழிலை மறுத்துவிட்டோம்.

இது எம்மொருவரின் கதை மட்டுமா? கிராண்ட்பாஸ் என்ற பெயரே களனி கங்கையின் பெருந்துறையைக் குறித்துப் போர்த்துக்கேயர் காலத்தில் வந்தது என்பார்கள். துறையிலே சுமந்தவர்களும், தேயிலைக் களஞ்சியங்களிலே உழைத்தவர்களும், பட்டறைக்காரரும், தையற்காரரும், சலூன்காரரும் கட்டியெழுப்பிய பகுதி இது. எம் சங்கத்தின் நாற்காலிகளும் இந்த மேடையும் அத்தகையவர்களின் காசால் வந்தவை. அவர்களுடைய பிள்ளைகள் நாம். கலியாணப் பேச்சு வந்தால் தகப்பனின் தொழிலை மெல்ல மாற்றிச் சொல்கிறோம். அழைப்பிதழிலே தாத்தாவின் தொழிலை விட்டுவிடுகிறோம். குருபூசையன்று மட்டும் குயவரையும் வண்ணாரையும் கைகூப்பி வணங்குகிறோம். இது முறையா?

இங்கே பெரியோர் ஒருவர், “தம்பி, அப்படியானால் தச்சன் மகன் தச்சனாயும், முடிவெட்டுபவன் மகன் முடிவெட்டுபவனாயுமா இருக்கவேண்டும்? நாங்கள் உங்களைப் படிப்பித்தது எதற்கு?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பிறப்பினால் ஒருவனை ஒரு தொழிலிலே கட்டிப்போடுவது கொடுமை. அதை எதிர்த்தே ஜீவா வாழ்நாள் முழுவதும் எழுதினார். பிள்ளை படிக்கட்டும், விரும்பிய தொழிலைச் செய்யட்டும். ஒரு தொழிலை விட்டுச் செல்வது வேறு, அதை ஒளித்து வைப்பது வேறு. விட்டுச் செல்வது உரிமை. ஒளித்து வைப்பதோ, அத்தொழில் இழிந்தது என்று சொன்னவனோடு சேர்ந்துகொள்வது. அந்த ஆசிரியர் சொன்ன சொல்லை நாமே எம் வாயால் மீண்டும் சொல்வது.

எம் அயலவராகிய பௌத்தர்களுடைய நூல்களைப் பாருங்கள். முடிவெட்டும் தொழிலினரான உபாலி, புத்தபிரானின் சங்கத்திலே விநயத்தில் முதல்வராய் விளங்கினார். பண்டரிபுரத்து விட்டலனின் அடியார்களிலே சேனா என்பவர் அத்தொழிலினரே. பெரியவர்கள் எங்கும் தொழிலாளரை அருகே இருத்தியிருக்கிறார்கள். தூரத்திலே நிறுத்தியவர்கள் அவர்களுக்குப் பின்வந்த நாம்தான்.

2021ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் திகதி, தொண்ணூற்று மூன்றாம் வயதிலே, கொழும்பிலே ஜீவா காலமானார். கொரோனாப் பெருந்தொற்றுக் காலம் அது. ஆயிரக்கணக்கானோர் கூடி வழியனுப்பியிருக்கவேண்டிய பெருமகனுக்கு அப்படியொரு கூட்டம் கூட முடியாமற் போயிற்று. ஆகவே இன்று இந்த மண்டபத்திலே நாம் கூடியிருப்பதை அந்தக் கடனிலே ஒரு சிறு பங்காக எண்ணிக்கொள்வோம்.

முடிக்குமுன் இரண்டு வேண்டுகோள்கள். 2027இலே அவர் பிறந்து நூறாண்டு நிறைவாகும். மல்லிகையின் பழைய இதழ்கள் நூலகம் என்ற இணைய நூல்நிலையத்திலே காசின்றி வாசிக்கக் கிடைக்கின்றன. எமது வாசிகசாலையிலே மாதம் ஒரு மாலை, அவருடைய ஒரு கதையை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கட்டும். வயது வந்தோரும் வாலிபரும் ஒரே வாங்கிலே இருந்து கேட்கட்டும். இது முதலாவது.

இரண்டாவது வாலிபர்களாகிய எமக்கு. சங்க அங்கத்தவர் படிவத்திலும் தொழில் என்று ஓர் இடம் உண்டு. அதிலே தகப்பன் செய்யும் தொழிலை, தாய் செய்யும் தொழிலை, அதன் சொந்தப் பெயரால் எழுதுவோம். இவ்வாண்டு நாம் எமது படிவத்தைப் புதிதாய் எழுதிக் கொடுத்துவிட்டோம். ‘தச்சுத் தொழில்’ என்று எழுதித் தந்தையாரிடம் கையெழுத்துக்கு நீட்டினோம். இம்முறை எழுத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டுவிட்டு, காதிலே பென்சிலைச் செருகிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.